பயணம் புறப்படுமுன்: உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்வு



நமது குரங்கணி மலைச்சரிவின் விளைபொருள்கள் நம்மைவிட முந்தி வெளிநாடு கண்டவை. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், போடிநாயக்கனூர் வந்து, தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. போடியில் ஏலத்திற்கு வரும் ஏலக்காய் இன்றும் அரபுநாட்டுக் கஹ்வாவில் மணக்கின்றது. இப்போது நம் பிள்ளைகளும் புறப்படுகின்றனர். உம்ராவுக்கென்றும் வளைகுடா வேலைக்கென்றும் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்த இளைஞர்கள், துஆச் செய்யும்படி நம்மிடம் வருகின்றனர். பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை அவர்கள் பிழையின்றிச் சொல்கின்றனர். தாய் தந்தையருக்கு என்ன ஏற்பாடு, கடன் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால்தான் பதில் தாமதமாகின்றது. ஆகவே இவ்வாண்டு மலருக்கு, உலகம் போற்றும் முஸ்லிம் பயணியான இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்வை எழுதத் துணிந்தோம். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவையும் உண்டு, அவர் செய்ததைத் தவிர்க்க வேண்டியவையும் உண்டு.

அபூ அப்துல்லாஹ் முஹம்மது இப்னு பதூதா, மொராக்கோ நாட்டின் தன்ஜா (தான்ஜியர்) நகரில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதத்தில், அதாவது 1304 பிப்ரவரியில் பிறந்தார். காழிகளையும் மார்க்கச் சட்ட அறிஞர்களையும் தந்த பெர்பர் குடும்பம். மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹைக் கற்றுத் தேறினார். ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2, அதாவது 1325 ஜூன் 14 அன்று, இருபத்தோராம் வயதில், புனித ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். பிரிவு மூவருக்கும் வேதனை தந்தது. இளைஞருக்கோ துணையில்லை, சேர்ந்து செல்ல வணிகக் கூட்டமும் இல்லை. தனியாகவே சென்றார்.

தனித்துச் செல்வதை நாம் அவரது முதல் தவறாகக் கருதுகிறோம். பயணத்தில் துணை தேடிக்கொள்வது நபிவழி என்பதை எல்லோரும் அறிவர். அவரும் விரைவிலேயே அதை உணர்ந்தார். திலிம்ஸான் நகரில், தூனிஸ் சுல்தானின் தூதர்கள் இருவர் ஊர் திரும்பிக்கொண்டிருப்பதாக அறிந்து, இஸ்திகாராச் செய்து, விரைந்து சென்று அவர்களை எட்டிப் பிடித்தார். கோடையின் வெப்பத்தில் அத்தூதர் இருவரும் நோயுற்றனர். ஒருவர் வழியிலேயே மரணமடைந்தார். பின் வணிகர் குழு ஒன்றுடன் சேர்ந்து பிஜாயா நகரை அடைந்தார். அங்கே குழுவைச் சேர்ந்த வணிகர் ஒருவர் காலமானார். தம்முடைய மூவாயிரம் பொற்காசுகளை வாரிசுகளிடம் சேர்க்கும்படி நம்பிக்கையான ஒருவரிடம் அவர் ஒப்படைத்திருந்தார். செய்தியறிந்த நகர ஆட்சியாளர் அதைப் பறித்துக்கொண்டார். இளைஞர் இப்னு பதூதா தம் வாழ்வில் நேரில் கண்ட முதல் அரசியல் அநியாயம் அதுவே. வஸிய்யத்தை எழுத்தில் வைத்து, சாட்சிகளையும் அமர்த்திவிட்டுப் பயணம் செல்லுமாறு ஆலிம்கள் வற்புறுத்துவது இத்தகைய நிலைகளை எண்ணித்தான். இன்று வேலைக்குச் செல்வோர் தம் வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமனமேனும் செய்திருக்கின்றனரா என்று பார்க்க வேண்டும்.

பிஜாயாவில் அவருக்கே கடுங்காய்ச்சல் கண்டது. தங்கித் தேறிச் செல்லுமாறு கூறிய அறிவுரையை அவர் ஏற்கவில்லை. மரணம் வருமாயின் ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்பது அவரது உறுதி. அந்த உறுதியைக் கண்ட தோழர், சவாரி விலங்கையும் கனத்த மூட்டைகளையும் விற்றுவிடச் செய்து, தம்முடைய விலங்கையும் கூடாரத்தையும் இரவலாகத் தந்தார். கொள்ளையர் அஞ்சத்தக்க வழியாதலால் சுமையின்றி விரைவது அவசியமாயிருந்தது. காய்ச்சலின் பலவீனத்தால் கீழே விழுந்துவிடாதிருக்க, தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சவாரி செய்தார் அவர்.

தூனிஸ் நகரை அடைந்தபோது நடந்த ஒன்று, இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. நகரத்தார் வெளியே வந்து, குழுவில் இருந்த தத்தம் உறவினர்களுக்கு ஸலாம் கூறித் தழுவிக்கொண்டனர். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை, இவரை அறிந்தோர் அங்கு எவரும் இல்லாததால். தனிமை தாளாமல் அந்த இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகே வந்து, ஸலாம் கூறி, ஆறுதலாகப் பேசிக்கொண்டே நகருக்குள் அழைத்துச் சென்றார். பிறகு நோன்புப் பெருநாளையும் அவ்வூரிலேயே கொண்டாடினார். முதற்பயணத்தில் பெரும்பாலோர் கண்ணீர் விடுவது பசியினாலன்று, அறிமுகமின்மையினால்தான். நம் பள்ளிக்கும் ஏலத்தோட்ட வேலைக்கு வந்த வடமாநிலச் சகோதரர்கள் தொழ வருகின்றனர். தொழுகை முடிந்ததும் அவர்களுக்கு ஸலாம் கூறி ஊர் பெயர் விசாரிப்போர் நம்மில் மிகச் சிலரே.

தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹாஜிகள் குழுவுக்கு இவரே காழியாக நியமிக்கப்பட்டார். சில மாதங்களுக்கு முன் தனியாகப் புறப்பட்ட இளைஞருக்கு இச்சிறப்பைத் தந்தது அவர் கற்ற கல்வி. அவருடைய பாஸ்போர்ட்டும் விசாவும் அதுவே எனலாம். செல்லுமிடமெல்லாம் மதரஸாக்களிலும் ஸாவியாக்களிலும் தங்கினார். அங்குள்ள ஆலிம்களிடம் பாடம் கேட்டார். டமாஸ்கஸின் உமவிய்யாப் பள்ளியில் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் பதினான்கு அமர்வுகளில் செவியுற்று இஜாஸத்துப் பெற்றார். அந்நகரில் அவருக்கு இஜாஸத்து வழங்கியோரில் ஸைனப் பின்த் கமாலுத்தீன் என்ற பெண்மணியும் ஒருவர். நம் பெண் மதரஸா மாணவியர் இப்பெயரை நினைவில் வைக்கட்டும்.

எகிப்திலிருந்து செங்கடலைக் கடக்க எண்ணி, நைல் நதியோரமாகத் தெற்கே சென்று ஐதாப் துறைமுகத்தை அடைந்தார். அங்கே போர் மூண்டு கப்பல்கள் அழிக்கப்பட்டிருந்தன. வந்த வழியே கெய்ரோ திரும்பி, ஷாம் தேசம் சென்று, டமாஸ்கஸ் குழுவினருடன் சேர்ந்து மதீனா முனவ்வராவையும் பின்னர் மக்கா முகர்ரமாவையும் அடைந்தார். ஹிஜ்ரி 726ஆம் ஆண்டின் ஹஜ், அதாவது 1326 நவம்பரில், நிறைவேறியது. புறப்பட்டு ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் ஆகியிருந்தன. பாதை அறியாதவர் பாதை அறிந்தோரிடம் ஒப்படைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று நம் குரங்கணி மலையின் காட்டுத்தீயில், மலையேற வந்த வெளியூர்ப் பிள்ளைகள் சிக்கி மாண்டதை நாம் மறக்கவில்லை. இம்மலையின் கோடை எத்தகையது என்பது இங்குள்ளோருக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாமற் போயிற்று.

ஹஜ் நிறைவேறியபின் ஊர் திரும்பியிருந்தால், அவர் ஊரார் மட்டும் அறிந்த ஒரு காழியாக வாழ்ந்து மறைந்திருப்பார். அவரோ இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மகதிஷு, கில்வா எனச் சென்றுகொண்டே இருந்தார். இடையிடையே மக்கா வந்து தங்கிப் பலமுறை ஹஜ் செய்தார். அனைத்தையும் எழுத இம்மலர் இடந்தராது. ஆனால் அன்றைய துருக்கியரின் நாடாகிய அனதோலியாவில் நிகழ்ந்தவற்றை விட்டுவிட மனமில்லை.

லாதிக் என்னும் ஊருக்குள் நுழைந்தபோது, கடைவீதியிலிருந்து சிலர் இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். மற்றொரு கூட்டம் வந்து அவர்களோடு சண்டையிட்டது. கத்திகள் உருவப்பட்டன. மொழி அறியாத பயணிகள் கொள்ளையரிடம் அகப்பட்டோம் என்று நடுங்கினர். அரபி தெரிந்த ஹாஜி ஒருவர் வந்தபின்தான் உண்மை விளங்கியது. அவர்கள் அகீ என்னும் சகோதரத்துவச் சங்கத்தின் இரு பிரிவினர். விருந்தினரைத் தம் இல்லத்தில் தங்கவைக்கும் பேறு தமக்கே வேண்டும் என்று சண்டையிட்டனர்! சீட்டுக் குலுக்கிப் போட்டே அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. வேறோர் ஊரில் நெய் வாங்க விரும்பி அரபிச் சொல்லால் ஸம்ன் என்று கேட்க, கடைக்காரர் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். துருக்கி மொழியில் ஸமான் என்றால் வைக்கோல். செல்லும் நாட்டு மொழியில் பத்துச் சொற்களாவது கற்றுப் போவது எத்துணைப் பயனுடையது பாருங்கள்.

ஸனூப் நகரில் நடந்தது இன்னும் நுட்பமானது. மாலிக்கிகள் தொழுகையில் கைகளைக் கட்டாது தொங்கவிடுவர். ஹனஃபிகளான அவ்வூரார் இதைக் கண்டு, இவர்கள் ராஃபிழிகளோ என ஐயுற்றனர். சோதிப்பதற்காக ஊர் அதிகாரி ஒரு முயலை அனுப்பினார், ராஃபிழிகள் முயல் இறைச்சி உண்பதில்லையாதலால். இவர்கள் அறுத்துச் சமைத்து உண்டபின் சந்தேகம் நீங்கி உபசரிப்புத் தொடங்கிற்று. முதன்முறை உம்ரா சென்று திரும்பும் நம் இளைஞர்கள் சிலர், அங்கே ஒருவர் கை கட்டிய விதமும் இங்கே நாம் கட்டும் விதமும் வேறாயிருக்கின்றனவே என்று கலங்கி வருகின்றனர், சிலர் சண்டைக்கே வருகின்றனர். நான்கு மத்ஹபுகளும் நேர்வழியே என்பதைப் புறப்படுமுன்பே அறிந்திருந்தால் அக்கலக்கம் தேவையில்லை. பயணத் தொழுகையின் சட்டத்தையும் அவரவர் மத்ஹபின்படி முன்னரே கற்றுக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத்து வைத்தால் ஹனஃபிகள் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈகளுக்கோ, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் என்பதே எல்லை.

1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் முஹம்மது இப்னு துக்ளக்கின் ஆட்சி. வெளிநாட்டு அறிஞர்களுக்கு அச்சுல்தான் வாரி வழங்குவார். ஆனால் அவரைக் காண்போர் முதலில் காணிக்கை கொண்டு செல்ல வேண்டும். அதற்கென்றே பயணிகளுக்குக் கடன் கொடுக்கும் வணிகர்கள் சிந்திலும் இந்துஸ்தானத்திலும் இருந்தனர். இப்னு பதூதாவும் வாங்கினார். தில்லியின் காழியாக நியமிக்கப்பட்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தீனார் ஊதியம் பெற்றும், அவரது தாராளச் செலவினால் கடன் ஐம்பத்தையாயிரம் தீனாராகப் பெருகியது. கடன்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். சுல்தானைப் புகழ்ந்து அரபியில் ஒரு கஸீதா இயற்றிப் பாடியே அக்கடனை அரசுக் கருவூலத்தின்மீது ஏற்றினார். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய சுல்தான் எவரும் இல்லை. வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து விசா எடுப்போரை ஆண்டுதோறும் காண்கிறோம். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் அவ்வட்டிக்கே போகின்றது. வட்டி ஹராம் என்பது ஒருபுறம். கடன் கொடுத்தவரின் இசைவின்றிப் புறப்படுவதை ஹஜ் பயணத்துக்குக்கூட ஃபுகஹாக்கள் வெறுத்திருக்கின்றனர் என்பது மறுபுறம்.

சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் கப்பலேற வேண்டிய வேளையில், ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில், சீனப் பேரரசருக்கான அன்பளிப்புகள் இருந்த கப்பல் பாறையில் மோதிச் சிதறியது. அவரது உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டே போய்விட்டது. கரையில் நின்றவரிடம் மிஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும் மட்டுமே. கோழிக்கோட்டிலிருந்து கொல்லம் வரையுள்ள மலபார் வழியை அவர் வருணித்திருப்பது நமக்குச் சொந்தமானது. நம் மலைக்கு மேற்கே இறங்கினால் வரும் நாடல்லவா அது! வழிநெடுக மரநிழல், அரை மைலுக்கு ஒரு தங்குமிடம், அங்கே கிணறும் குடிநீர் தருவோரும், திராட்சைக் கொடி போலப் படரும் மிளகுக்கொடியும் அவர் எழுத்தில் உள்ளன. ஒவ்வொரு தங்கலிலும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. முஸ்லிம் பயணிகள் அங்கேதான் இறங்கி உணவு பெற்றனர். அவ்வீடுகள் இல்லையேல் ஹலாலான உணவின்றி அவ்வழியில் ஒரு முஸ்லிம் பயணம் செய்வதே அரிதாயிருந்திருக்கும்.

மாலத்தீவில் காழியாகச் சிலகாலம் இருந்தபின், 1344இல் நம் தமிழகத்தை நோக்கிக் கப்பலேறினார். காற்று திசைமாற்றி இலங்கையில் சேர்த்தது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்களைப் பரிசளித்தார். ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாக மக்கள் நம்பும் மலையுச்சிக்கு, இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினார். அங்கிருந்து மஅபர் என அரபிகள் அழைத்த நம் கரைக்கு வரும்போது கப்பல் உடைந்தது. இரவு முழுவதும் உடைந்த கப்பலின் பின்பகுதியில் இருந்து, விடிந்தபின் கரைவாசிகளால் மீட்கப்பட்டார்.

அப்போது மதுரையில் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் ஆட்சி. அவரது மனைவியும் தில்லியில் இப்னு பதூதா மணந்த மனைவியும் உடன்பிறந்தோர். சகலையானாலும் சுல்தானின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. பிடிபட்ட எளிய மக்களையும் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்ற செயலைத் தம் நூலில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்சியாளர் முஸ்லிம் என்பதற்காக அநீதி நீதியாகிவிடாது என்பதில் அந்தக் காழி தெளிவாயிருந்தார்.

மதுரை மாநகரில் அவர் நுழைந்தபோது கொள்ளைநோய் தாண்டவமாடிக்கொண்டிருந்தது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாட்களில் மடிந்தனர். வீதியில் இறங்கினால் நோயாளியையோ ஜனாஸாவையோதான் காண முடிந்தது. சுல்தானின் மகனும் மனைவியும் தாயும் இறந்தனர். பின்னர் சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் உயிர்போகும் காய்ச்சல் கண்டது. அவர் மனத்தில் தோன்றியது நம் ஊர்ப் புளி. ஒரு ராத்தல் அளவு புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, காய்ச்சல் நீங்கிற்று. மொராக்கோவில் பிறந்தவரை அல்லாஹ் நம் மதுரைப் புளிக்கரைசலால் பிழைக்க வைத்தான்! அவ்வூரின்மீது வெறுப்புற்று விடைபெற்று, பத்தன் என அவர் குறிக்கும் துறைமுகத்திலிருந்து கடல்வழியாகக் கொல்லம் சென்றார்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லிவிடுகிறோம். இன்று மருந்து எடுத்துச் செல்வோர் டாக்டர் எழுதிய சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும். தாய்மார்கள் அன்போடு அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கலாகாது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா முதலிய நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும். குழம்புக்கு வைத்தது சிறைக்கு வழியாகிவிடும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா வேலைக்குச் செல்லுமுன் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலக அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்கிறோம் என்பவரின் பேச்சை நம்புவோர் அந்தப் பாதுகாப்பையும் இழக்கின்றனர்.

கொல்லத்திலிருந்து வடக்கே சென்றபோது கடற்கொள்ளையர் அவரது கப்பலைச் சூழ்ந்து, இலங்கை மன்னர் தந்த மணிகள் உட்பட எல்லாவற்றையும் பறித்தனர். இடுப்பிலிருந்த காற்சட்டை ஒன்றே மிஞ்சியது. புகாராவின் அடக்கத்தலங்களில் எழுதியெடுத்த குறிப்புகளும் அத்துடன் போயின. கோழிக்கோட்டுப் பள்ளியில் நின்றவருக்கு ஃபகீஹ் ஒருவர் ஆடையும், காழி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் கொடுத்தனர். பின் மாலத்தீவு சென்று, தாம் பிரிந்தபின் பிறந்த மகனைக் கண்டார். குழந்தைக்கு வயது இரண்டு. தாயிடமே விட்டு மீண்டும் புறப்பட்டார். வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனா. அங்கே தம் ஊருக்கு அருகிலுள்ள ஸப்தா நகரத்தவர் ஒருவரைக் கண்டு இருவரும் அழுதனர். பல ஆண்டுகளுக்குப் பின் அவரது சகோதரரை ஸஹாராப் பாலைவனத்தின் விளிம்பில் சந்தித்தார்.

அவர் சென்ற தூரம் 1,17,000 கிலோமீட்டர் அளவென்று மதிப்பிடுவோர் உள்ளனர். சில பகுதிகளை அவர் நேரில் கண்டாரா என்று ஆய்வாளர்கள் ஐயுறுவதும் உண்டு. நாம் எண்ணிப் பார்ப்பது வேறு கணக்கு. 1348இல் டமாஸ்கஸ் திரும்பினார். இருபது ஆண்டுகளுக்கு முன் கருவுற்ற மனைவியை அங்கே விட்டுச் சென்றிருந்தார். மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது எட்ட, நாற்பது பொற்காசுகள் அனுப்பியிருந்தார். இப்போது ஓடிச் சென்று விசாரித்தார். மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தன்ஜாவைச் சேர்ந்த ஆலிம் ஒருவர் அந்நகர மதரஸாவில் இருப்பதறிந்து அவரைக் கண்டார். தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின, தாயார் உயிருடன் இருக்கின்றார் என்று தெரிந்தது.

அவ்வாண்டுதான் பெருங்கொள்ளைநோய் உலகை வாட்டியது. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாட்கள் நோன்பு நோற்று அழுது பிரார்த்தித்தனர். தாயார் காத்திருக்கிறார் என்று அறிந்தவர் எகிப்து சென்றார். அங்கிருந்து மேற்கே திரும்பாமல் மீண்டும் மக்கா சென்று, மாதக்கணக்கில் தங்கி, ஹஜ் செய்தார். கஅபாவின்மீது அவர் கொண்ட காதலைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஆனால் அது அவர்மீது கடமையான ஹஜ் அன்று. தம் பணிவிடையை எதிர்பார்த்திருக்கும் பெற்றோரின் இசைவின்றிக் கடமையான ஹஜ்ஜுக்குச் செல்வதையே ஹனஃபி ஃபுகஹாக்கள் மக்ரூஹ் என்கின்றனர். நஃபிலான பயணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1349இல் அவர் மொராக்கோவின் தாஸா நகரை அடைந்தபோது, தாயார் கொள்ளைநோயில் மரணமடைந்த செய்தி அவரை எதிர்கொண்டது. ஃபாஸ் நகர் சென்று சுல்தானைக் கண்டபின், தன்ஜா வந்து தாயாரின் கப்ரை ஸியாரத்துச் செய்தார். வீட்டை விட்டுப் புறப்பட்டு அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன்பின் ஸ்பெயினின் கிரானடாவுக்கும், ஸஹாராவைக் கடந்து மாலி நாட்டிற்கும் சென்று, 1354இல் ஃபாஸ் திரும்பினார். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் வாய்மொழியாகக் கூறியவற்றை இப்னு ஜுஸைய் என்ற எழுத்தர் நூலாக்கினார். ஹிஜ்ரி 756 துல்ஹஜ் மாதத்தில், அதாவது 1355 டிசம்பரில், அந்த ரிஹ்லா நிறைவுற்றது. பின்னர் மொராக்கோவின் ஓர் ஊரில் காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770 அளவில் காலமானார். தன்ஜாவின் பழைய நகரத்துக் குறுகிய தெருவொன்றில் அவருடையதெனக் காட்டப்படும் சிறு அடக்கத்தலம் உள்ளது. அவ்வூர் இளைஞர்கள் இன்று முதன்முறையாக வெளிநாடு புறப்படும் விமான நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.